அளக்கப்படாத இரத்தம்: லித்தியம் பெற்ற டபிள்யூ.பி.யின் நிகழ்வு ஆய்வு

மனநிலை ஏற்ற இறக்க நோய்களுக்காக லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் இரத்தம் கொடுத்து மருந்தின் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று உலகெங்கும் மனநல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் விதி. உடலும் மனமும் சீராக இருக்கும் ஒருவருக்கு இந்த விதி வீண் அலைச்சலாகத் தோன்றுவது இயல்பே. விதி எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள, இந்த மருந்தை நவீன மனநல மருத்துவத்தில் முதன்முதலாகப் பெற்ற நோயாளியின் வரலாற்றைவிடத் தகுந்த நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. 1949-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டுரை அவரை டபிள்யூ.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறது. இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நோயாளியும் மருத்துவரும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை ஒட்டிய பண்டூராவில், முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனை ஒன்று இயங்கி வந்தது. அதன் மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். மேனியா எனப்படும் மிகை எழுச்சி நிலைக்கு உடலில் சேரும் ஏதோ ஒரு நச்சுப்பொருள் காரணமாக இருக்கலாம் என்று எண்ணி, மருத்துவமனையில் பயன்பாடின்றிக் கிடந்த சமையலறை ஒன்றில் கினிப்பன்றிகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்கு வசதியாக லித்தியம் உப்பைப் பயன்படுத்தியபோது விலங்குகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டதைக் கவனித்தார். அதன் பிறகு அந்த உப்பைத் தாமே உட்கொண்டு பார்த்துவிட்டு நோயாளிகளிடம் வந்தார்.

டபிள்யூ.பி.க்கு அப்போது 51 வயது. ஐந்தாண்டுகளாக இடைவிடாத மேனியாவில் இருந்தார். ஓய்வின்றி அலைபவர், கையில் கிடைத்ததை உடைப்பவர், மற்றவர்களின் காரியங்களில் தலையிடுபவர் என்று மருத்துவமனையின் அந்தப் பகுதியிலேயே பராமரிக்க மிகக் கடினமான நோயாளியாக அவர் கருதப்பட்டார். அந்நாளில் இத்தகைய நோயாளிக்குப் பூட்டிய அறையையும் மயக்க மருந்தையும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் தவிர வேறு வழி அநேகமாக இருக்கவில்லை.

சிகிச்சையின் போக்கு

1948 மார்ச் 29 அன்று அவருக்கு லித்தியம் சிட்ரேட் தொடங்கப்பட்டது. மூன்றே வாரங்களில் அவர் தேறிவரும் நோயாளிகளுக்கான பகுதிக்கு மாற்றப்படும் அளவுக்கு அடங்கினார். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தவருக்கு இயல்பான சூழலே முதலில் அந்நியமாக இருந்தது என்று கேட் எழுதுகிறார். அதனாலும், தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்தளவை முடிவுசெய்வதற்காகவும் மேலும் இரண்டு மாதங்கள் அவரைக் கண்காணிப்பில் வைத்திருந்தனர். கடும் குமட்டல் ஏற்பட்டதால் சிட்ரேட்டுக்குப் பதிலாகக் கார்பனேட் வடிவம் தரப்பட்டது. ஜூலை 9 அன்று, லித்தியம் கார்பனேட் ஐந்து கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 325 மில்லிகிராம், தினமும் இரு வேளை எடுக்குமாறு சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விரைவிலேயே பழைய வேலைக்கும் திரும்பினார்.

ஐந்தாண்டு நோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய அந்த மனிதர், நலமாக இருந்ததாலேயே மருந்தில் அக்கறை குறைந்து, கடைசியில் அதை நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு வேலையும் நின்றுபோயிற்று. 1949 ஜனவரி 30 அன்று அவர் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் மருந்து எடுக்கவில்லை என்றும் நாளுக்கு நாள் எரிச்சலும் ஒழுங்கின்மையும் கூடிவந்தன என்றும் உறவினர்கள் தெரிவித்தனர். உடனடியாகப் பத்து கிரெய்ன் வீதம் மூன்று வேளை கார்பனேட் தொடங்கப்பட்டது. இரண்டு வாரங்களில் அவர் மீண்டும் இயல்புக்கு வந்தார். பிப்ரவரி 28 அன்று மருந்து இரண்டு வேளையாகக் குறைக்கப்பட்டது.

பத்து கிரெய்ன் என்பது ஏறக்குறைய 650 மில்லிகிராம். மூன்று வேளைக்கு நாளொன்றுக்கு 1,950 மில்லிகிராம் ஆகிறது. இன்று இந்தியாவில் கிடைக்கும் 300 மில்லிகிராம் மாத்திரையில் கணக்கிட்டால் ஆறரை மாத்திரை. இன்றைக்கும் கடும் மேனியாவில் உயர்ந்த அளவு தரப்படுவதுண்டு, ஆனால் அது இரத்த அளவைப் பார்த்துக்கொண்டே தரப்படுவது. 1949 செப்டம்பர் 3 தேதியிட்ட ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான கேட்டின் கட்டுரையில், பத்து மேனியா நோயாளிகளின் முன்னேற்றம் விவரிக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஓரிடத்திலும் இல்லை. மருத்துவரின் கண்ணும் நோயாளியின் நடத்தையுமே மருந்தளவை முடிவு செய்தன.

கேட் அபாயத்தை அறியாதவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றுவலி, பசியின்மை, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றை நச்சு அறிகுறிகளாக அவர் அதே கட்டுரையில் விவரித்திருந்தார். அவை தோன்றினால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்றும் எச்சரித்திருந்தார். இன்றைய பாடநூலிலும் அந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. மருந்து அளவு மீறிய பிறகுதான் அறிகுறி தோன்றும் என்பதும், அறிகுறியைக் கண்டு நிறுத்துவதற்குள் காலம் கடந்திருக்கலாம் என்பதுமே குறை.

1950 மே மாதத்துக்குள் டபிள்யூ.பி.யின் உடல்நிலை சீர்குலைந்திருந்தது. லித்தியம் நிறுத்தப்பட்டது. மேனியா பழைய வேகத்தோடு திரும்பியது. அந்த நிலையே உயிருக்கு மருந்தைப் போல ஆபத்தானது என்று கருதிய கேட், மீண்டும் லித்தியத்தைத் தொடங்கினார். சில நாட்களிலேயே நோயாளி வலிப்பு கண்டு, நினைவிழந்து, அம்மாதமே இறந்தார். லித்தியம் நச்சு இறப்பின் காரணங்களில் ஒன்றாகப் பதிவாயிற்று. தம் கண்டுபிடிப்பின் முதல் வெற்றியாக எழுதிய நோயாளியையே அதனால் இழந்த கேட், அந்த மருத்துவமனையில் லித்தியத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தினார்.

ஆய்வு: சிறுநீரகம் செய்யும் கணக்கு

இந்த நிகழ்வை வெறும் மருந்தளவுப் பிழை என்று முடித்துவிடுவது சரியாகாது. லித்தியம் உடலில் மாற்றமடைவதில்லை. கல்லீரல் அதைச் சிதைப்பதில்லை. அநேகமாக முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகமோ லித்தியத்தையும் சோடியத்தையும் பெரும்பாலும் ஒரே விதமாகவே கையாள்கிறது. வடிகட்டப்பட்ட லித்தியத்தின் பெரும்பகுதி, சோடியத்துடன் சேர்ந்து சிறுநீரக நுண்குழலின் தொடக்கப் பகுதியிலேயே மீண்டும் உறிஞ்சப்படுகிறது. உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தைக் காப்பாற்ற முனைகிறது, அந்த முனைப்பில் லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே மாத்திரையின் அளவு சிறிதும் மாறாமலேயே இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

இதன் விளைவு ஒரு தீய சுழல். லித்தியம் மிகும்போது குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. அவற்றால் உப்பும் நீரும் போகின்றன. அவை போனதால் லித்தியம் இன்னும் ஏறுகிறது. மேனியாவில் இருப்பவர் ஒழுங்காக உண்பதும் பருகுவதும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நலிந்த உடலோடு கடும் மேனியாவில் இருந்த டபிள்யூ.பி.க்கு மே மாதத்தில் கொடுக்கப்பட்ட மருந்து, முந்தைய ஆண்டு பலன் தந்த அதே மருந்தாக அவருடைய உடலில் இயங்கியிருக்க முடியாது. இந்த நிகழ்வின் நடுப்புள்ளி இதுவே என்பது என் கருத்து. மருத்துவர் அறிந்திருந்தது உள்ளே போன அளவை மட்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு வெகு தொலைவில் அதே உடலியங்கியல் அதே காலத்தில் வேறு வடிவில் உயிர்களைப் பறித்திருந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்கும் இரத்த அழுத்த நோயாளிகளுக்கும் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. சோடியம் குறைந்த உடலுக்குள் அளவே பார்க்காமல் லித்தியத்தைக் கொடுப்பதைப் போன்ற ஆபத்தான சேர்க்கை வேறில்லை. 1949-இல் நச்சுப் பாதிப்புகளும் மரணங்களும் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து அகற்றியது. அந்த அச்சம் நீங்கி அங்கே மேனியாவுக்கு லித்தியம் ஒப்புதல் பெற 1970 வரை ஆயிற்று.

அளவு பிறந்த வரலாறு

தீர்வு டபிள்யூ.பி. வாழ்ந்த மெல்பர்ன் நகரிலேயே உருவாகிக்கொண்டிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. தீப்பிழம்பில் லித்தியம் செந்நிறமாக எரியும். அந்த ஒளியின் வலிமையை அளந்தால் இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தீச்சுடர் ஒளிமானி எனப்படும் கருவியின் அடிப்படை இதுவே. 1951-இல், அதாவது டபிள்யூ.பி. இறந்த மறு ஆண்டில், மெல்பர்னைச் சேர்ந்த சார்லஸ் நோவாக்கும் எட்வர்ட் டிராட்னரும் நூறு பேருக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் லித்தியத்தைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். டிராட்னரும் அவருடன் சேர்ந்த சாமுவேல் கெர்ஷானும் உடலில் லித்தியம் தங்குவதையும் வெளியேறுவதையும் அளந்து ஆராய்ந்து, 1955-இல் அந்த முடிவுகளை எழுதினர். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ 1954-இல் லித்தியத்தைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட தம் ஆய்வை வெளியிட்டபோது அளவிடும் வழக்கம் சிகிச்சையோடு சேர்ந்தே நடந்தது.

ஆனால் அளப்பது மட்டும் போதவில்லை. சாதாரண லித்தியம் மாத்திரை விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் இரத்த அளவு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. அந்த உச்சத்தில் எடுத்த இரத்தம் பொய்யான பயத்தையும், மிகத் தாமதமாக எடுத்த இரத்தம் பொய்யான நிம்மதியையும் தரும். டென்மார்க்கின் அம்டி அம்டிசன் வலியுறுத்திய பன்னிரண்டு மணி நேர விதி இதற்காகவே. இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை எடுப்பவர் காலை ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை உள்ளவர் இரத்தம் கொடுத்த பிறகே அதை விழுங்க வேண்டும். வழிகாட்டு நெறிகள் சொல்லும் எண்கள் யாவும் இந்தப் பன்னிரண்டு மணி நேர எண்களே. நேரம் குறிக்காத முடிவுத்தாளில் அந்த எண்ணுக்குப் பொருள் பாதிதான்.

புதிதாகத் தொடங்கிய ஒரு வாரத்திலும், மருந்தளவை மாற்றிய ஒரு வாரத்திலும் பரிசோதனை கேட்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே போவதும் வெளியேறுவதும் சமநிலைக்கு வர ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். முதியவர்களிடமும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் இன்னும் கூடுதல் நாட்கள் ஆகும். மூன்றாம் நாளின் அளவைப் பார்த்து மருந்தை உயர்த்தினால் பத்தாம் நாளில் நச்சு நிலையைச் சந்திக்க நேரும்.

இன்று பண்டூராவில்

டபிள்யூ.பி. இன்று அதே ஊரில் சிகிச்சைக்கு வந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகியவை பார்க்கப்படும். அவர் எடுக்கும் பிற மருந்துகள் கேட்டறியப்படும். மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட நெறியை எடுத்துக்கொண்டால், அளவு நிலைபெறும்வரை வாரந்தோறும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை லித்தியம் அளவு பார்க்கப்படும். முதியவர்களுக்கும், லித்தியத்தோடு வினைபுரியும் மருந்து எடுப்பவர்களுக்கும், கடைசி அளவு லிட்டருக்கு 0.8 மில்லிமோலுக்குக் குறையாதவர்களுக்கும், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கும் மூன்று மாத இடைவெளியே தொடரும். முதன்முறை தொடங்குபவருக்கு இலக்கு 0.6 முதல் 0.8 வரை. முன்பு லித்தியத்தில் இருந்தபோதே நோய் திரும்பியவருக்கு 0.8 முதல் 1.0 வரை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப்படும்.

இரத்தப் பரிசோதனை அளவு மிகுவதை மட்டுமே காட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். டபிள்யூ.பி.யின் வாழ்வில் இரண்டு திருப்பங்கள் இருந்தன. 1948 டிசம்பரில் அவர் மருந்தை விட்டிருந்தபோது, ஒரு பரிசோதனை பூஜ்யத்தைக் காட்டி, வேலையை இழப்பதற்கு முன்பே குடும்பத்தையும் மருத்துவரையும் விழிக்கச் செய்திருக்கும். 1950 மே மாதத்தில் மருந்து மிகுந்தபோது, வலிப்பு வருவதற்கு முன்பே அதே பரிசோதனை எச்சரித்திருக்கும். மருந்து எடுக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும் நோயாளியிடம் குறைந்த அளவைக் காட்டிப் பேசுவது குற்றம் சாட்டும் பேச்சாக மாறிவிடக்கூடாது. அந்தப் பேச்சை மென்மையாக நடத்தத் தெரிந்த மருத்துவரிடம்தான் நோயாளி அடுத்த முறையும் இரத்தம் கொடுக்க வருவார்.

எண்ணுக்குள் அடங்காதவையும் உண்டு. பொதுவாக 1.5-க்கு மேல் நச்சு என்று கொள்வார்கள். ஆனால் நெடுநாள் எடுப்பவருக்கு, குறிப்பாக முதியவருக்கு, அதற்குக் கீழேயே நச்சு அறிகுறிகள் தோன்றக்கூடும். லித்தியம் மூளைக்குள் மெதுவாக நுழைந்து மெதுவாகவே வெளியேறுவதால், இரத்தத்தில் அளவு இறங்கிய பிறகும் குழப்பமும் தள்ளாட்டமும் நீடிக்கலாம்; சிலருக்குச் சிறுமூளைப் பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. வலிப்போ நினைவிழப்போ வந்துவிட்டால், அளவு எதுவாக இருந்தாலும் டையாலிசிஸ் செய்ய வேண்டும் என்று 2015-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழுவின் பரிந்துரை சொல்கிறது. புதிதாகத் தடித்த கை நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டவரிடம் முடிவுத்தாள் சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது தவறு.

ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஒரு நுணுக்கமும் இருக்கிறது. இரத்தம் உறையாமல் காக்கும் பச்சை மூடிக் குழாய்களில் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் பூசப்பட்டிருக்கும். அதில் எடுத்தால் குழாயின் லித்தியமே கணக்கில் சேர்ந்து, நலமாக இருப்பவருக்கு அபாய அளவு காட்டும். லித்தியம் பரிசோதனைக்கு என்று சீட்டில் தெளிவாக எழுதுவதும், இரத்தம் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்வதும் இதைத் தடுக்கும்.

அளவை ஏற்றுபவை இன்று டபிள்யூ.பி.யின் காலத்தைவிட அதிகம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியவையும், இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. நம் ஊரில் இவற்றில் இரண்டு ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வருவது சாதாரணம். அழுத்தத்துக்கு மருந்து எழுதும் பொதுமருத்துவருக்கு லித்தியம் பற்றித் தெரியாமலிருந்தால் இரு மருத்துவர்களும் சரியாகவே செய்தும் நோயாளி நச்சு நிலைக்குப் போகலாம். அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலோ கட்டடப் பணியிலோ வியர்த்து உழைப்பவரும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவரும், உப்பை ஒரேயடியாக நிறுத்தியவரும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. நிறையத் தண்ணீரோடு வழக்கமான அளவு உப்பும் எடுத்துக்கொண்டு, மருத்துவரை அழைத்து, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று கேட்டு, உடனே இரத்தம் கொடுக்க வேண்டும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கருவி வந்த பிறகும் தொடர்ந்த இடைவெளி

1950-இல் பண்டூராவின் நோயாளிக்கு அந்தப் பரிசோதனை கிட்டவில்லை. அது எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2010-இல் வெளியான பிரிட்டனின் தணிக்கை ஒன்று, மனநல அமைப்புகளில் லித்தியம் பெற்ற 3,373 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. அப்போதைய நெறி, ஆண்டில் நான்கு முறை லித்தியம் அளவும், இரண்டு முறை சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கச் சொன்னது. ஓராண்டுக்கு மேல் மருந்தெடுத்தவர்களில் லித்தியம் அளவு நெறிப்படி பார்க்கப்பட்டவர்கள் 30 விழுக்காடு. சிறுநீரகத்துக்கு 55, தைராய்டுக்கு 50. செலவில்லாத பொது மருத்துவம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

மனநல மருத்துவர் பரிசோதனை எழுதுகிறார். பொதுமருத்துவர் மருந்தைத் தொடர்ந்து கொடுக்கிறார். ஆய்வுக்கூடம் முடிவை இருவரில் ஒருவருக்கு அனுப்புகிறது. தேதி தவறியதை யார் கவனிப்பது என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. குறை அங்கேதான் இருந்தது என்பதை உணர்ந்தே, பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. லித்தியம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தகவல் கையேடு, எச்சரிக்கை அட்டை, இரத்த முடிவுகளைக் குறிக்கும் பதிவேடு ஆகியவை தரப்பட வேண்டும் என்றும், பரிசோதனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா, முடிவுகள் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மருத்துவர் மருந்துச்சீட்டைப் புதுப்பிக்கவும் மருந்தாளுநர் மருந்தைக் கொடுக்கவும் வேண்டும் என்றும் அது கோரியது.

அத்தகைய பதிவேடு கையில் தரப்படாத இடங்களில் குடும்பத்தார் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தைக் கொண்டே அதைச் செய்துவிடலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தேதி, நாளொன்றுக்கு எடுக்கும் மாத்திரையின் அளவு, கடைசி மாத்திரை விழுங்கிய நேரம், இரத்தம் கொடுத்த நேரம், லித்தியம் அளவு, கிரியாட்டினின், டி.எஸ்.எச்., கால்சியம், இடையில் சேர்ந்த புதிய மருந்து ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி, அடுத்த பரிசோதனைத் தேதியையும் அதிலேயே குறித்துவைத்து, எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குப் போனாலும் அந்த நோட்டை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.